நாலு கோப்ளின், பதினைந்து அடி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம். அதில் எங்கள் முதல் சண்டை முடிந்தபோது கிளெரிக்கின் தாளில் ஒரு மந்திரம்கூட அடிக்கப்படாமல் இருந்தது. விஸார்டின் தாளும் அப்படியே. இரண்டு பேருக்கும் ஒரு காரியம் செய்யக்கூட வாய்ப்பு வரவில்லை. விஸார்ட் செத்தே போய்விட்டார். ஃபைட்டர் (போர்வீரர்), கிளெரிக் (வைத்தியம் தெரிந்த பூசாரி), ரோக் (திருடர்), விஸார்ட் (மந்திரவாதி) என்று வகுப்புக்கு ஒருவராக, இலக்கணம் பிசகாமல் அமைந்த குழு அது. “பேலன்ஸ் கச்சிதமா இருக்கு, பயப்படாதீங்க” என்று டி.எம்.மாக, அதாவது கதையை நடத்தி எதிரிகளை ஆடுகிறவராக, உட்கார்ந்த நானே முந்தின நாள் சொல்லியிருந்தேன்.

சண்டை நடக்கும்போது யார் என்ன உருட்டினார்கள் என்று சுற்றுவாரியாகக் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. கணக்குப்பிள்ளை புத்தி. அந்தத் தாளை வைத்துக்கொண்டு, அன்றைக்கு என்னதான் நடந்தது என்று பிரித்துப் பார்க்கிறேன்.

களம் பலருக்கும் தெரிந்ததுதான். 2014-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் ஸ்டார்ட்டர் செட்டோடு வந்த ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபண்டெல்வர்’. நெவர்விண்டரிலிருந்து ஃபண்டாலின் என்ற சின்ன ஊருக்குச் சரக்கு வண்டி ஓட்டிப் போக வேண்டும். ட்ரைபோர் பாதையில் ஒரு திருப்பத்தில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கின்றன, உடம்பில் கறுப்பு இறகு வைத்த அம்புகள். இரண்டு பக்கமும் புதர். புதருக்குள் நாலு கோப்ளின்கள், குட்டிப் பூதங்கள். ஐந்தாம் பதிப்பை அந்தப் பெட்டியோடு தொடங்கியவர்களுக்கு வாழ்க்கையின் முதல் சண்டையே இதுதான்.

எங்கள் குழுவின் நிலவரம்: எல்லோரும் முதல் லெவல். எச்பி என்பது உயிர்ப் புள்ளி, பூஜ்யமானால் ஆள் விழுவார். ஏசி என்பது அடி படுவதற்குத் தாக்குகிறவர் எட்ட வேண்டிய எண். ஃபைட்டருக்கு 12 எச்பி, சங்கிலிக் கவசமும் கேடயமும் சேர்த்து ஏசி 18. கிளெரிக்குக்கு 10 எச்பி, ஏசி 18. ரோக்குக்கு 9 எச்பி, ஏசி 14. விஸார்டுக்கு 8 எச்பி, ஏசி 12. கோப்ளின் ஒவ்வொன்றுக்கும் 7 எச்பி, ஏசி 15. தாக்கும்போது டி20, அதாவது இருபது முகப் பகடையுடன் 4 கூட்டிக்கொள்ளும், பட்டால் டி6, அதாவது ஆறு முகப் பகடையுடன் 2 கூட்டி அவ்வளவு எச்பி போகும். தாளில் பார்த்தால் அவை சுண்டைக்காய்.

குதிரைகளைப் பார்க்க ஃபைட்டரும் கிளெரிக்கும் முன்னால் போனார்கள். ரோக் வண்டியோட்டி, விஸார்ட் பக்கத்தில். கோப்ளின்கள் பதுங்க ஒரே உருட்டு: 9, அதோடு 6, மொத்தம் 15. நால்வரில் யாருடைய பேசிவ் பெர்செப்ஷனும் (உருட்டாமலே கவனிக்கும் அளவு) அதை எட்டவில்லை. நாலு பேரும் சர்ப்ரைஸ். யார் முதலில் ஆடுவது என்ற வரிசைக்கு இனிஷியேடிவ் உருட்டினோம், பெரிய எண் முதலில். கோப்ளின்கள் 19, ரோக் 16, விஸார்ட் 12, கிளெரிக் 9, ஃபைட்டர் 5. அந்த வரிசையைப் பார்த்ததும் ரோக் ஆடியவர் “ஐயையோ” என்றார். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

முதல் சுற்று. 2014 விதிப்படி சர்ப்ரைஸ் ஆனவருக்கு அந்தச் சுற்றில் ஆக்‌ஷனும் கிடையாது, நகரவும் முடியாது. கோப்ளின்கள் மட்டும்தான் ஆடின. ஒளிந்திருந்து அடித்ததால் அட்வான்டேஜ், அதாவது இரண்டு டி20 உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். ஓர் அம்பு விஸார்டின் மேல், 6. மிச்சம் 2 எச்பி. இன்னோர் அம்பு ரோக்கின் மேல், 5. மிச்சம் 4. இரண்டு கோப்ளின்கள் வளைந்த வாளோடு ஓடி வந்தன. ஒன்று ஃபைட்டரின் கேடயத்தில் மோதி வீணானது. இன்னொன்று குதிரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த கிளெரிக்கை வெட்டியது. நேட்சுரல் 20, பகடையிலேயே இருபது விழுந்தால் அடிக்கான பகடை இரட்டிப்பு. இரண்டு டி6: 5, 4. அதோடு 2. மொத்தம் 11. இருந்ததோ பத்து.

அப்படியாக, குழுவில் வைத்தியம் தெரிந்த ஒரே ஆள் சண்டை ஆரம்பித்த ஆறாவது விநாடியில் தரையில்.

இரண்டாம் சுற்றிலும் 19-இல் நின்ற கோப்ளின்களுக்கே முதல் முறை. ஆக எங்கள் பக்கம் யாரும் கை அசைப்பதற்குள் எட்டு அடி விழுந்துவிட்டது. இந்த நாலில் ஓர் அம்பு விஸார்டைச் சாய்த்தது, ஒரு வெட்டு ஃபைட்டரின் 12-ஐ 7 ஆக்கியது, மற்ற இரண்டும் வீண். அதற்குப் பிறகுதான் ரோக் ஆடினார், அருமையாகவே ஆடினார்: ஃபைட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கோப்ளின் மேல் ஸ்னீக் அட்டாக், ஒன்று காலி. பிறகு வண்டிக்குப் பின்னால் போய் மறைந்தார். விஸார்ட் டெத் சேவ் உருட்டினார் (விழுந்தவர் தன் முறையில் உருட்டுவது, மூன்று வெற்றி என்றால் பிழைப்பு, மூன்று தோல்வி என்றால் சாவு), 7, ஒரு தோல்வி. ஃபைட்டர் வாளை வீசினார், படவில்லை.

மூன்றாம் சுற்றில் வண்டி மறைவையும் மீறி ரோக்கை ஓர் அம்பு எட்டியது. பிறகு விஸார்டின் டெத் சேவ். தாயக்கட்டத்தில் ஒன்று விழுந்தால் வீடே கூத்தாடும், இங்கே டி20-இல் ஒன்று விழுந்தால் இரண்டு தோல்வியாகக் கணக்கு. விழுந்தது ஒன்று. மொத்தம் மூன்று தோல்வி. “டேய், நான் இன்னும் ஆடவே இல்லையேடா” என்றார். உண்மைதான். தயார் செய்து வைத்திருந்த மந்திரங்களில் ஸ்லீப் இருந்தது. 5டி8 (எட்டு முகப் பகடை ஐந்து), சராசரி 22.5 எச்பி அளவுக்குத் தூங்க வைக்கலாம். 7 எச்பி கோப்ளின் என்றால் மூன்று. ஒரே ஒரு முறை கிடைத்திருந்தால் சண்டை அங்கேயே முடிந்திருக்கும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபைட்டர் இன்னொன்றை வெட்டிச் சாய்த்தார். நாலாம் சுற்றில் ஓர் அம்பு பட்டு 1 எச்பி ஆனதும்தான் எச்பியை ஏற்றிக்கொள்ளும் செகண்ட் விண்ட் தனக்கு இருப்பதே அவருக்கு நினைவு வந்தது. 4 ஏறி 5 ஆனது. வில்லாளிகளை நோக்கி ஓடி வீசினார், தவறியது. ஐந்தாம் சுற்றில் அவரும் விழுந்தார். ரோக்கும் கிளெரிக்கும் டெத் சேவில் மூன்று வெற்றி பெற்று உயிரோடு மயங்கிக் கிடந்தார்கள். கிளெரிக் இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி என்று நின்று கடைசி உருட்டில் 11 போட்டார். மேசையே மூச்சுவிட்டது. குழு தோற்றால் கோப்ளின்கள் கொன்றுபோடுவதாகக் கதையில் இல்லை. மயங்கியவர்களை அப்படியே விட்டு, சாமான்களைச் சுருட்டிக்கொண்டு குகைக்குப் போகின்றன. நானும் அதன்படியே செய்தேன். ஒரு சாவு, மூன்று பேர் வெறுங்கையோடு நடுரோட்டில்.

முறைக் கணக்கு

தாளில் நான் கூட்டிப் பார்த்தது இது. கோப்ளின்கள் அடித்தவை, சுற்றுவாரியாக 4, 4, 3, 2, 2. மொத்தம் 15. அதில் எட்டு பட்டன. எங்கள் பக்கம் நடந்த தாக்குதல்கள்: ரோக் ஒன்று, ஃபைட்டர் மூன்று. மொத்தம் 4. அதில் இரண்டு பட்டன, இரண்டும் ஆளைச் சாய்த்தன.

பதினைந்துக்கு நாலு. ஆட்டக்காரர்கள் நாலு பேர், கோப்ளின்கள் நாலு, ஆளுக்கு ஆள் சமம் என்றுதான் மேசையில் உட்கார்ந்திருந்த எல்லோரும் நினைத்தோம். நடந்ததோ இரண்டு பேர் ஆடிய ஆட்டம். ஃபைட்டர் முன்னால் நின்று தாங்குவார், கிளெரிக் எழுப்புவார், விஸார்ட் கூட்டத்தை அடக்குவார், ரோக் குறிபார்த்து வீழ்த்துவார் என்ற பங்கீடெல்லாம் நாலு பேருக்கும் முறை வந்தால்தான் செல்லும். வகுப்புகள் சரியாக இருந்தன. முறைதான் வரவில்லை.

நேட்சுரல் 20 விழுந்தது துரதிர்ஷ்டம், அவ்வளவுதானே என்று பிற்பாடு ஒருவர் கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அட்வான்டேஜோடு நாலு அடி என்றால் எட்டு பகடை. எட்டில் ஒன்றாவது 20 விழ 34 சதவீத வாய்ப்பு. மூன்று மேசைக்கு ஒரு மேசையில் இது நடக்கும். அதைத் துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் அந்த எட்டு பகடையில் இரண்டு என் கைங்கரியம். புதரிலிருந்து அம்பு விடுகிற கோப்ளினுக்கு அட்வான்டேஜ் உண்டு, சந்தேகமில்லை. புதரை விட்டு வெளியே வந்து, பாதையில் ஓடிவந்து வெட்டுகிறவனுக்கு? வெளியே வந்தபோதே மறைவு போய்விட்டது, அட்வான்டேஜ் கிடையாது என்று பல டி.எம்.கள் சொல்வார்கள். நான் யோசிக்காமல் கொடுத்துவிட்டேன். கிளெரிக்கைச் சாய்த்த அந்த 20 இரண்டாவதாக உருண்ட பகடையில் விழுந்தது. முதல் பகடை 6. அட்வான்டேஜ் கொடுக்காமல் இருந்திருந்தால் வெட்டே பட்டிருக்காது. இதை ஆட்டக்காரர்களிடம் நான் சொல்ல ஒரு வாரம் ஆனது.

புத்தகக் கணக்கு என்ன சொல்கிறது என்றும் பார்க்க வேண்டும். 2014 டி.எம். வழிகாட்டியின்படி முதல் லெவல் ஆளுக்கு ஹார்ட் (கடினமான சண்டை) அளவு 75 எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி, டெட்லி (உயிர் போகக்கூடியது) அளவு 100. கோப்ளின் ஒன்றுக்கு 50. நாலுக்கு 200. எதிரிகள் மூன்று முதல் ஆறு வரை இருந்தால் இரண்டால் பெருக்க வேண்டும், ஆக 400. நாலு பேர் குழுவின் டெட்லி எல்லையும் மிகச் சரியாக 400. ஐந்து பேர் இருந்தால் அந்த எல்லை 500, இதே சண்டை ஹார்ட் ஆக இறங்கிவிடுகிறது. இந்தக் கதை நாலைந்து பேருக்கானது என்றுதான் போட்டிருக்கிறது. அந்த ஐந்தாவது ஆள் எந்த வகுப்பாக வேண்டுமானாலும் இருக்கட்டும், ஒரு முறையைக் கூட்டுகிறார். வகுப்பைப் பற்றி இந்தக் கணக்கு ஒரு வார்த்தை பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். அது எண்ணுவது தலையைத்தான்.

ஐம்பது பொற்காசு

சண்டைக்கு முன்னால் நெவர்விண்டரில் இவர்கள் என்ன வாங்கியிருக்கலாம் என்று பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. ஃபைட்டர் முன்னாள் போர்வீரர், கையில் 10 பொற்காசு. கிளெரிக் கோயில் ஊழியர், 15. ரோக் பழைய குற்றவாளி, 15. விஸார்ட் படிப்பாளி, 10. கூட்டினால் ஐம்பது. ஹீலிங் போஷன் ஒன்றின் விலையும் ஐம்பது. நாலு பேரும் மடியை உதறியிருந்தால் ஒரு புட்டி வந்திருக்கும். இரண்டாம் சுற்றில் ஃபைட்டர் வாளை வீசித் தவறவிட்டதற்குப் பதில், காலடியில் கிடந்த கிளெரிக்கின் வாயில் அதை ஊற்றியிருந்தால் 2டி4-உடன் 2 எச்பியோடு அவர் எழுந்திருப்பார். அடுத்த முறையில் கிளெரிக் ஹீலிங் வேர்ட் சொல்லி அறுபது அடி தூரம் வரை யாரையும் எழுப்பலாம். அதற்கு ஆக்‌ஷன்கூட வேண்டாம், போனஸ் ஆக்‌ஷன் போதும். மூன்றாம் சுற்றில் விழுந்த ரோக் எழுந்திருப்பார். இன்னொரு ஸ்னீக் அட்டாக் வந்திருக்கும்.

புட்டி கட்டுப்படியாகாது என்றால் மருத்துவப் பை இருக்கிறது. ஐந்து பொற்காசு, பத்து தடவை வரும், உருட்டாமலே ஒருவரின் சாவை நிறுத்தலாம். ஆளை எழுப்பாது, ஆனால் சாகவிடாது. அதையும் யாரும் வாங்கவில்லை. “கிளெரிக்தான் இருக்காரே!” என்பதே காரணம். குழுவில் ஒரு வைத்தியர் இருப்பதே மற்ற மூவரையும் சோம்பேறி ஆக்கிவிட்டது. அந்த வைத்தியரையும் ஏசி 18 இருக்கிறது என்று முன்வரிசைக்கு அனுப்பியாயிற்று.

விஸார்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏசியைக் கூட்டும் மேஜ் ஆர்மர் மந்திரத்தைப் போடவில்லை; இருப்பதே இரண்டு ஸ்லாட் (மந்திரம் போடும் தடவை), காலையிலேயே ஒன்றை எதற்கு வீணாக்குவது என்று நினைத்தார். போட்டிருந்தால் ஏசி 15. முதல் அம்பு படுகிற வாய்ப்பு 88 சதவீதத்திலிருந்து 75-க்கு இறங்கியிருக்கும், இரண்டாவது 65-லிருந்து 50-க்கு. அதைவிட, காலையில் மேஜ் ஆர்மர் போட்டுவிட்டு வழியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஆர்கேன் ரெகவரியில் அந்த ஸ்லாட் திரும்ப வந்துவிடும். மந்திரமோ எட்டு மணி நேரம் நிற்கும். செலவே இல்லை. முதல் லெவல் விஸார்ட் ஆடுகிறவர்களிடம் இதை நான் இப்போது ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும்.

இந்த நாலு வகுப்புப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்பதையும் கொஞ்சம் யோசிக்கலாம். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் ஆட்டத்தில் மூன்று வகுப்புகள்தான்: ஃபைட்டிங் மேன், மேஜிக் யூசர், கிளெரிக். தீஃப் அடுத்த ஆண்டு வந்தது. 2008-இல் வந்த நாலாம் பதிப்பு டிஃபெண்டர், ஸ்ட்ரைக்கர், லீடர், கண்ட்ரோலர் என்று பங்குக்குப் பெயரே வைத்தது. பழைய ஆட்டத்தில் பூஜ்யம் எச்பி என்றால் சாவுதான், டெத் சேவ் எல்லாம் கிடையாது. அதிலும் மக்கள் பிழைத்தார்கள். கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டார்கள், ஈட்டி பிடிக்க நாலு பேர், விளக்குப் பிடிக்க ஒருவர். எதிரிகள் பாதிச் சண்டையில் மனம் தளர்ந்து ஓடவும் விதி இருந்தது. அதாவது தலைக்கணக்கைச் சரிசெய்ய அவர்களிடம் வழி இருந்தது. நாம் அந்தக் கூலியாட்களை விட்டுவிட்டு, வகுப்புப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டோம்.

மடியில் பழம்

சில மாதம் கழித்து வேறொரு மேசையில் அதே பாதை, அதே குதிரைகள். இந்த முறை பார்பேரியன், பேலடின், ட்ரூயிட், பார்ட். கிளெரிக் இல்லை, ரோக் இல்லை, விஸார்ட் இல்லை. பழைய பட்டியலை நம்புகிறவர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

ஆனால் ட்ரூயிட் ஆடியவர் ஒரு காரியம் செய்தார். முந்தின இரவு தூங்கப் போகும் முன் மிச்சமிருந்த ஸ்லாட்டில் குட்பெரி போட்டு, பத்துப் பழத்தையும் பங்கு பிரித்துக் கொடுத்தார். ஆளுக்கு இரண்டு, மூன்று. பழம் ஒரு நாள் தாங்கும். ஒன்று தின்றால் ஒரு எச்பி. மயங்கிக் கிடப்பவர் வாயில் இன்னொருவர் ஊட்டலாமா என்று கேட்டார்கள், பெரும்பாலான மேசைகளைப் போல நானும் சரி என்றேன்.

கோப்ளின்கள் பதுங்கியது 14. ட்ரூயிட்டின் பேசிவ் பெர்செப்ஷன் 15, அவர் ஒருவர் மட்டும் சர்ப்ரைஸ் ஆகவில்லை. முதல் சுற்றில் நாலு அடி, பார்ட் விழுந்தார். ட்ரூயிட் ஒன்றைத் தீயால் சுட்டு வீழ்த்தினார். இரண்டாம் சுற்றில் மூன்று அடி. பேலடின் வாளை ஓங்காமல் குனிந்து பார்ட்டுக்குப் பழம் ஊட்டினார், அதற்குப் பிறகு பார்ட்டின் முறை வந்தது, எழுந்து ஆடினார். மூன்றாம் சுற்றில் பார்ட் மறுபடி விழ, ட்ரூயிட் ஹீலிங் வேர்ட் சொல்லி எழுப்பினார், பார்ட் மறுபடியும் ஆடினார். மூன்று கோப்ளின்கள் சாய்ந்ததும் கதையில் சொன்னபடி நாலாவது ஓடிப்போனது. தாளில் கூட்டினால் கோப்ளின்கள் அடித்தவை 9, ஆட்டக்காரர்களின் முறைகள் 9. பார்ட் இரண்டு தடவை சாய்ந்தும் ஒரு முறையைத்தான் இழந்தார், அதுவும் சர்ப்ரைஸில் போனது.

இரண்டு மேசையை ஒப்பிட்டுப் பெரிதாக ஒன்றும் நிரூபித்துவிட முடியாது. ஓடி வந்து வெட்டியவர்களுக்கு இந்தத் தடவை நான் அட்வான்டேஜ் கொடுக்கவில்லை. ஒருவர் விழித்திருந்தார். பகடையும் சாதகமாக விழுந்தது. ஆனாலும் எந்த இருவர் விழுந்தாலும் மற்ற இருவரில் யாராவது எழுப்ப முடிந்தது, அதற்கு வகுப்பு வேண்டியிருக்கவில்லை, மடியில் பழம் போதுமாக இருந்தது. குழு பேலன்ஸாக இருக்கிறதா என்று யாராவது கேட்டால் நான் இப்போது பார்ப்பது அதைத்தான்: கிளெரிக் விழுந்தால் அவரை யார் தூக்குவது?

பழத்துக்கும் எல்லை உண்டு. அதே குழு குகைக்குள் போய் க்ளார்க் என்ற, கோப்ளினைவிடப் பெரிய பக்பேர் தலைவனைப் பார்த்தபோது தெரிந்தது. அவனுடைய முள்தண்டம் 2டி8-உடன் 2, சராசரி 11. பூஜ்யத்துக்குக் கீழே மிஞ்சும் அடி உங்கள் முழு எச்பிக்குச் சமமானாலோ கூடினாலோ டெத் சேவே இல்லை, அங்கேயே சாவு. 8 எச்பி விஸார்டுக்கு அந்த எல்லை 16. முழு எச்பியோடு நிற்கும்போதே ஒரு சாதாரண அடியில் அது நடக்க ஒன்பது சதவீத வாய்ப்பு இருக்கிறது. க்ளார்க் மறைந்திருந்து முதல் சுற்றில் அடித்தால் இன்னும் 2டி6 சேரும். அங்கே யார் யாரைத் தூக்குவது என்ற பேச்சே எழாது. முன்னால் நிற்கிற உடம்புக்கு எத்தனை எச்பி என்பது மட்டும்தான். பார்பேரியனை முன்னால் விட்டுத்தான் அந்தக் குழு தப்பித்தது.

2024-இல் விதிகளைத் திருத்தினார்கள். சர்ப்ரைஸ் ஆனால் முறை பறிபோகாது, இனிஷியேடிவ் உருட்டில் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு உருட்டி மோசமானதை எடுப்பது) மட்டும். நல்ல திருத்தம். அந்த விதி இருந்திருந்தால் எங்கள் விஸார்ட் 2 எச்பியோடு ஒரு முறையாவது ஆடியிருப்பார். ஆனால் அதே ஆண்டு வந்த டி.எம். வழிகாட்டி எதிரிகளின் எண்ணிக்கையை வைத்துப் பெருக்கும் வேலையையும் எடுத்துவிட்டது. புதிய கணக்கில் முதல் லெவல் ஆளுக்கு லோ (எளிய சண்டை) அளவு 50 எக்ஸ்பி. நாலு பேருக்கு 200. நாலு கோப்ளினுக்கும் 200. பத்து வருடம் முன்பு டெட்லி என்று சொன்ன அதே புதர் இப்போது லோ. கணக்கு எளிதாகிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்களைச் சாய்த்தது அந்தப் பெருக்கல்தான். நான் இன்னமும் பழைய அட்டவணையைப் பென்சிலால் எழுதி டி.எம். திரைக்குப் பின்னால் ஒட்டிவைத்திருக்கிறேன்.

செத்த விஸார்டின் ஆட்டக்காரர் அடுத்த வாரமே புது ஆளோடு வந்தார். மறுபடியும் விஸார்ட். மந்திரப் பட்டியல் காலியாக இருந்தது, சாமான் பட்டியலில் முதல் வரி மருத்துவப் பை. இரண்டு.